கழற்றிப் போட்டதன் வேலை

பழைய இரும்பு – 14

நெடுமங்காடு தாண்டி பாலோடு, விதுரா பக்கம் போனால், மழை விட்ட மறுவாரமே ரப்பர் தோட்டங்களுக்குள்ளிருந்து அந்த இரைச்சல் கிளம்பிவிடும். தோளில் வார், கையில் நீளக் குழாய், குழாயின் ஒரு முனையில் சுழலும் பிளேடு, மறுமுனையில் முழங்கைக்குப் பின்னால் உறுமும் குட்டி எஞ்சின். பால்வெட்டுக்காரர் மரத்துக்கு மரம் நடக்க வழி வேண்டுமே, அதற்காகப் புல்லும் புதரும் வெட்டுகிறார்கள். எல்லை தாண்டிக் குலசேகரம், அருமனையிலும் இதே சத்தம்தான்.

இரண்டு மூன்று பருவம் உழைத்த பிறகு, ஆயில் கலக்காத பெட்ரோலை யாராவது ஊற்றிய ஒரு நாளில் அந்த எஞ்சின் இறுகி நின்றுவிடும். ரிப்பேர் கூலியோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புது மிஷினே வந்துவிடுகிறது என்பதால் பழையது ஆக்ரிக் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. திருவனந்தபுரத்தில் சாலை மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களில், இரும்பு தனி, அலுமினியம் தனி என்று பிரித்து எடை போடும் கடைகளில் இவற்றைப் பார்க்கலாம். கடைக்காரருக்கு அது அலுமினியம். நமக்கு அது 43 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்.

உறையில் 1ஈ40எஃப் என்று பொறித்திருந்தால் எடுத்துத் தனியே வையுங்கள். சீனத்துக் குறியீடு அது. ஒரு சிலிண்டர்; ஈ என்றால் டூ-ஸ்ட்ரோக்; 40 மில்லிமீட்டர் போர்; எஃப் என்றால் காற்றில் குளிர்வது. ஸ்ட்ரோக் 34 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 42.7 சிசி. 6500 ஆர்பிஎம்மில் ஒன்றேகால் கிலோவாட் கொடுக்கும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. இறக்கை இரண்டு மீட்டருக்கு மேல் நீண்ட, ஏழெட்டுக் கிலோ எடையுள்ள மாதிரி விமானத்தைத் தூக்க இது போதும். இந்த வாரம் அதைத்தான் செய்யப் போகிறோம்.

புல் வெட்டும் எஞ்சினை ஆகாயத்துக்கு அனுப்புவதைக் கிறுக்குத்தனம் என்று நினைக்க வேண்டாம். 1970களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய மாதிரி விமானம் கட்டியவர்கள் மரம் அறுக்கும் ரம்பத்தின் எஞ்சினைத்தான் முதலில் தேடிப் போனார்கள். ஜப்பானின் ஸெனோவா நிறுவனம் தோட்டக் கருவிகளுக்குச் செய்த எஞ்சினின் உடன்பிறப்புகளையே மாதிரி விமானக்காரர்களுக்கும் விற்றது. அதற்கும் முன்னால், ஹாலிவுட் நடிகர் ரெஜினால்ட் டென்னி பொம்மை விமானக் கடை வைத்திருந்தார். அவருக்கு எஞ்சின் செய்து கொடுத்தவர் வால்டர் ரைட்டர். இரண்டாம் உலகப் போரில் அந்தப் பொம்மை வளர்ந்து, பீரங்கிப் படையினர் சுட்டுப் பழக உதவும் ரேடியோபிளேன் என்ற ஆளில்லா விமானமானது. அதில் இருந்தது ரைட்டரின் ஆறு குதிரைத் திறன் டூ-ஸ்ட்ரோக். அந்த விமானத்தைச் செய்த தொழிற்சாலையில் வேலை பார்த்த நார்மா ஜீன் என்ற பெண்ணை ஒரு ராணுவப் புகைப்படக்காரர் படமெடுத்தார். மர்லின் மன்றோ சினிமாவுக்குள் வந்த வழி அது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. போருக்குப் பிறகு இலக்கு விமானங்களுக்காக மெக்கல்லாக் செய்த நான்கு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் உபரியாகச் சந்தைக்கு வந்தன. சுட்டு வீழ்த்தப்படுவதற்கென்றே செய்த எஞ்சினை வாங்கி, தாங்களே கட்டிய ஜைரோகாப்டரில் பொருத்தி, அதில் ஆட்கள் உட்கார்ந்தும் பறந்தார்கள்! 1967இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பறக்கும் லிட்டில் நெல்லி என்ற ஜைரோகாப்டரின் முதுகில் இருந்ததும் அந்த ரகம்தான்.

நம் பக்கத்திலும் ஆள் உண்டு. தொடுபுழாக்காரர் சஜி தாமஸ் பிறவியிலேயே காது கேளாத, வாய் பேசாதவர். ரப்பர் மரங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறு வயதில் பார்த்தவர், பின்னாளில் தானே விமானம் கட்டினார். ஆரம்ப முயற்சியில் அவர் வைத்தது மோட்டார் பைக் எஞ்சின். பிறகு கட்டிய இரண்டு இருக்கை விமானம் 2014இல் திருநெல்வேலிச் சீமையில் மணிமுத்தாறில் பறந்தது. பிருத்விராஜ் நடித்து 2017இல் வந்த ‘விமானம்’ படம் அவர் கதையைத் தழுவியதுதான். நாம் ஆளை ஏற்றப் போவதில்லை. ஆனால் அவர் எதிர்கொண்ட கேள்விகள் பலவற்றின் சிறு வடிவம் நம் மேஜையிலும் வந்து உட்காரும்.

ஆக்ரிக் கடையிலேயே பாதிச் சோதனையை முடித்துவிடலாம். ஸ்டார்ட்டர் கயிறு அறுந்திருக்காவிட்டால், கயிற்றைப் பிடித்து எஞ்சினை அந்தரத்தில் தொங்க விடுங்கள். கம்ப்ரஷன் இருந்தால் தயங்கித் தயங்கி இறங்கும். சரசரவென்று இறங்கினால் கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். சைலன்ஸரின் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் புகைவாய் வழியே பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். அது வழவழப்பாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கோடு கோடாய்க் கீறல் என்றால் எண்ணெய் இல்லாமல் ஓடியது. பிஸ்டனும் ரிங்கும் மாற்றியாக வேண்டும். கிராங்க் ஷாஃப்டுக்கு இரண்டு பக்கமும் பேரிங் உள்ளதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். விலை குறைந்த சில புல் வெட்டிகளில் ஒரே பக்கம்தான் தாங்கல். விமானம் மூக்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் சுழலும் புரொப்பெல்லர் ஷாஃப்டை வளைக்கப் பார்க்கும். ஒற்றைத் தாங்கல் அதற்கு நெடுநாள் ஈடுகொடுக்காது. 1ஈ40எஃப்பில் இரண்டு பக்கமும் உண்டு.

சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? பைக் மெக்கானிக்குகளின் புதுத் தலைமுறை டூ-ஸ்ட்ரோக்கைத் தொட்டதே இல்லை. இந்த ஊரில் அந்த எஞ்சினின் நாடி பிடிக்கத் தெரிந்தவர்கள் விழிஞ்ஞம், பூந்துறைக் கடற்கரையில் வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சின் பார்ப்பவர்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, உப்புக் காற்றில் ஓட்டும் எஞ்சின்களோடு வாழ்கிறவர்கள். கிராங்க் சீல் கசிகிறதா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். அந்தச் சீல் முக்கியம். டூ-ஸ்ட்ரோக்கில் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் வந்து அழுந்தித்தான் மேலே போகிறது. சீல் வழியே வெளிக்காற்று புகுந்தால் கலவை வறண்டு, எஞ்சின் சூடேறி, மறுபடி இறுகும்.

இனி கழற்றல். கிளச்சு போகட்டும், ஸ்டார்ட்டர் போகட்டும், பிளாஸ்டிக் உறை, பெட்ரோல் டேங்க், கைப்பிடி எல்லாம் போகட்டும். ஸ்பேனரைப் பிடித்த கைக்கு இது உற்சாகமான கட்டம். கடைசியில் ஃப்ளைவீல் வரும். எடையும் அதில்தான் அதிகம், எனவே அதையும் எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுக்கலாம்தான். ஆனால் அந்த ஒரு சக்கரம் மூன்று வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதன் விளிம்புக் காந்தம் காயிலைக் கடக்கும்போதுதான் பிளக்கில் பொறி பிறந்தது. அதன் இலைகள்தாம் சிலிண்டர் மீது காற்றை வீசின. ஐட்லிங்கில் எஞ்சின் நின்றுவிடாமல் அடுத்த வெடிப்பு வரை இழுத்துக்கொண்டு போனது அதன் கனம். இந்த மாற்றல் வேலையின் சூட்சுமம் அத்தனையும், கழற்றிப் போட்ட உறுப்பின் வேலையை இனி யார் தலையில் கட்டுவது என்பதில் இருக்கிறது.

கனத்தின் வேலையைப் புரொப்பெல்லர் ஏற்றுக்கொள்ளும். 43 சிசிக்கு 20 அங்குல விட்டம், 8 அங்குலப் பிட்ச் கொண்ட மரப் புரொப்பெல்லர் நல்ல ஆரம்பம். 7000 ஆர்பிஎம்மில் அதன் நுனி மணிக்கு 670 கிலோமீட்டர் வேகத்தில் வெட்டிக்கொண்டு போகும். புல்லும் பிளேடும் போனாலும் அபாயம் போகவில்லை என்பதை இந்த எண் சொல்லிவிடும். அதே புரொப்பெல்லரை இரண்டு மடங்கு வேகத்தில் சுழற்ற எட்டு மடங்கு திறன் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த எஞ்சின் ஆறாயிரத்துச் சொச்சத்தில்தான் சுகமாக மூச்சுவிடும். அதற்குத் தோதான விட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே சாமர்த்தியம்.

புரொப்பெல்லரை ஷாஃப்டோடு இணைக்கும் ஹப்பை லேத்தில் கடைய வேண்டும். ஃப்ளைவீல் உட்கார்ந்திருந்த இடத்தில் ஷாஃப்ட் கூம்பாகச் சரியும். ஹப்பின் துளையும் அதே சரிவில் இருந்தாக வேண்டும். கிள்ளிப்பாலம் பக்கம் லேத்து வைத்திருக்கும் ஒருவரிடம் நான் கிராங்கைக் கொண்டுபோய் நீட்டினேன்.

“எந்த மிஷினுக்கு?”

“ஏரோப்பிளேனுக்கு அண்ணா.”

தலையை நிமிர்த்தவே இல்லை. “டேப்பர் எத்தனை டிகிரி?”

அளந்து சொல்ல முடியாத சரிவை அவர் வேறு விதமாகப் பிடித்தார். கிராங்கை லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே கட்டி, டயல் கேஜின் முள்ளை அதன் சரிவில் வைத்து, காம்பவுண்ட் ஸ்லைடை முன்னும் பின்னும் ஓட்டினார். முள் அசையாமல் நிற்கும் கோணம் வந்ததும் ஸ்லைடை அப்படியே பூட்டினார். பிறகு கிராங்கை இறக்கிவிட்டு, அலுமினியக் கட்டையை ஏற்றி அதே கோணத்தில் துளை கடைந்தார். ஷாஃப்டில் பிரஷ்யன் ப்ளூவை மெல்லப் பூசி ஹப்பைச் செருகித் திருகி எடுத்தார். உள்ளே நீலம் வாய்ப்பக்கம் மட்டும் வளையமாகப் பட்டிருந்தது. ஒரு மயிரிழை சீவி, மறுபடி பூசி, மறுபடி செருகி, துளை நெடுகிலும் நீலம் ஒரே சீராகப் படும் வரை அவர் கட்டையை இறக்கவில்லை. சரிவு சரியாகப் பொருந்தினால் சுழற்சியின் பாரத்தை அந்த இறுக்கமே தாங்கும். சாவிக் கட்டை பொறியின் நேரத்துக்கு அடையாளம் மட்டுமே. ஹப்பின் முகப்பில் புரொப்பெல்லருக்கு நாலு அல்லது ஆறு போல்ட் போடுங்கள். நடுவில் ஒற்றை நட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

பொறிக்கு வருவோம். ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைத்து, காந்தத்தை மட்டும் விட்டுவைப்பவர்கள் உண்டு. பேட்டரி வேண்டாம் என்பது அதில் லாபம். ஆனால் ஸ்டார்ட்டர் கயிறு போய்விட்டதால் கையால் தட்டித்தான் கிளப்ப வேண்டும். கை தட்டும் வேகத்தில் காந்தம் தரும் பொறி சோகை பிடித்ததாக இருக்கும். மேலும் அந்தப் பொறி எப்போதும் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சுமார் 25, 30 டிகிரி முன்னதாகவே விழும். ஓடும் எஞ்சினுக்கு அது சரி. மெல்லத் தட்டும்போது எஞ்சின் பின்னுக்கு உதைத்து விரலைப் பதம் பார்க்கும். எனக்குப் பிடித்த வழி மின்னணு சிடிஐ பற்றவைப்பு. ஹப்பின் விளிம்பில் ஒரு குட்டிக் காந்தம், எதிரே ஹால் சென்சார், ஆறு வோல்ட் அளவில் ஒரு பேட்டரி. வேகம் குறைவாக இருக்கும்போது பொறியைத் தானே தாமதிக்கும். வேகம் ஏறினால் முன்னுக்குத் தள்ளும். பேட்டரியின் எடையைக் கூட்டிக்கொண்டாலும் விரல்கள் பத்தும் மிஞ்சும்.

இதில் இன்னொரு ஆதாயம். இந்த எஞ்சினில் கலவை நுழையும் துளையைத் திறந்து மூடுவது பிஸ்டனேதான். உச்சிக்கு இரண்டு பக்கமும் சம அளவில் திறப்பதால், சென்சாரை இடம் மாற்றினால் எஞ்சின் எதிர்த்திசையிலும் ஓடும். கடையில் கிடைக்கும் சாதாரணப் புரொப்பெல்லருக்கு ஏற்ற திசையை நாமே தேர்ந்துகொள்ளலாம். திசை மாறினால் ஷாஃப்டின் நட்டு தளரப் பார்க்கும். மரை பூட்டும் பசை போடாமல் விடாதீர்கள்.

கார்ப்புரேட்டரைக் கழற்றவே வேண்டாம். மரத்தின் மேல் தலைகீழாகப் பிடித்தாலும் ரம்பம் ஓட வேண்டும் என்பதற்காகப் பிறந்த டயஃப்ரம் கார்ப்பு இது. மிதவை கிடையாது. கிராங்க் அறையின் துடிப்பு ஒரு சிறு துளை வழியே வந்து சவ்வைத் தட்ட, அதுவே பெட்ரோலை இறைக்கும் பம்ப். கரணம் போடும் விமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான கார்ப்பு யாராவது வரைந்து செய்தாலும் கிடைக்காது. ஒரே ஒரு சிக்கல். அளவிடும் சவ்வை மூடிய தகட்டில் குண்டூசித் துளை ஒன்று உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சவ்வுக்குச் சொல்வது அதன் வேலை. தோட்டத்தில் காற்று அசையாமல் இருந்தது. விமானத்தின் மூக்குக் கவசத்துக்குள் வேகத்துக்கு ஏற்ப அழுத்தம் ஏறி இறங்கும். தரையில் கச்சிதமாக ஓடிய எஞ்சின் மேலே போனதும் கலவை மாறி முனகும். அந்தத் துளையின் மேல் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டைப் பற்றவைத்து, ரப்பர் குழாய் மாட்டி, காற்று அடங்கிய உடற்பகுதிக்குள் விட்டுவிட்டால் முனகல் நிற்கும்.

பழைய மாதிரி விமானக்காரர்கள் கேட்பார்கள்: எதற்கு இத்தனை பாடு, குளோ எஞ்சின் வாங்கினால் ஆயிற்றே? ரே ஆர்டன் 1947இல் குளோ பிளக்கைக் கொண்டுவந்த பிறகு காயில், பேட்டரி எல்லாம் வேண்டாமல் போனது உண்மைதான். பிளாட்டினக் கம்பியின் மேல் மெத்தனால் ஆவி பட்டு, கம்பி தானே கனன்றுகொண்டிருக்கும். ஆனால் மெத்தனாலுக்கு எங்கே போவது? 2000 அக்டோபரில் கொல்லம் பக்கம் கல்லுவாதுக்கலில் கள்ளச்சாராயம் 31 பேரைக் கொன்றது. 2024இல் கள்ளக்குறிச்சி. இரண்டிலும் கொன்றது மெத்தனால். அதை விற்கவும் வைத்திருக்கவும் உரிமம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பொழுதுபோக்குக்கு ஐந்து லிட்டர் கொடுங்கள் என்று யாரிடம் போய் நிற்பது? பெட்ரோல் என்றால் பங்க் போதும். மெத்தனாலைவிட எடைக்கு எடை இரண்டு மடங்குக்கு மேல் வெப்பமும் தரும். முழு வேகத்தில்கூட அரை லிட்டரில் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும்.

ஒரு லிட்டருக்கு 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில், அதாவது 25க்கு 1. குளோ எஞ்சினுக்குப் போடும் சிலிக்கான் குழாயை இங்கே போட்டால் பெட்ரோல் அதை ஊறவைத்துக் கெடுத்துவிடும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் வேறு கலந்திருக்கிறது. இந்த ஊர் ஈரக் காற்றில் அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். பறந்து முடித்ததும் டேங்கை வடித்து, கார்ப்பு வறளும் வரை ஓட்டி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் சவ்வு விறைத்துக் கிடக்கும்.

விசிறியின் வேலையைப் புரொப்பெல்லர் காற்று முழுதாக ஏற்காது. முன்பக்கத் தகடுகள் குளிரும், பின்பக்கம் வேகும். மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்துத் தடுப்பு வைத்து, காற்று சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு போகுமாறு செய்ய வேண்டும். வெளியேறும் வாய், உள்ளே வரும் வாயைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். எஞ்சினை ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டில் நாலு போல்ட்டில் நிறுத்தலாம். ஒற்றைச் சிலிண்டரின் குலுக்கல் எல்லா நட்டையும் தேடிப் பிடித்துத் தளர்த்தும்.

எங்கே பறக்க விடுவது என்பதுதான் திருவனந்தபுரத்துக்காரரின் நிஜத் தலைவலி. 2021 ட்ரோன் விதிகளின்படி, 25 கிலோவுக்கு மிகாத, பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ கண்ணெட்டும் தூரத்துக்குள் பறக்கும் மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் வேண்டியதில்லை. மகிழ்ச்சி. ஆனால் விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை சிவப்பு மண்டலம்; அங்கே மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஐந்திலிருந்து எட்டு கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம். அங்கே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் எதுவும் எழும்பக் கூடாது. 1930களில் கோதவர்ம ராஜாவின் முயற்சியில் கடலோரம் எழுந்த விமானத் தளம் இது. 1935 நவம்பர் 1இல் இங்கிருந்து டாட்டாவின் ஃபாக்ஸ் மோத் விமானம் திருவிதாங்கூர் அஞ்சலைச் சுமந்துகொண்டு பம்பாய்க்குப் புறப்பட்டது. இன்று ஊர் அந்தத் தளத்தைச் சூழ்ந்து நிற்கிறது. எட்டு கிலோமீட்டர் வட்டம் போட்டால் நகரத்தில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. வடக்கே நகர்ந்தால் தும்பா. 1963 நவம்பர் 21இல் நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பிய இடம். அங்கே புல்வெட்டி எஞ்சினோடு போய் நின்றால் கேள்வி கேட்பவர்கள் வேறு சீருடையில் வருவார்கள். தென்கிழக்கே தமிழ்நாட்டுக்குள் வெகுதூரம் போய்விடலாம் என்றால் மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின் சோதனைக் கூடமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் காத்திருக்கின்றன. கிழக்கே மலையடிவாரம்தான் கதி. அதையும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அதற்கு முன் எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பழக்க வேண்டும். கனமான மேஜையில் பூட்டி, பற்றவைப்பை அணைத்து, சோக்கை மூடி, குழாயில் பெட்ரோல் வந்து சேரும் வரை தட்டுங்கள். பிறகு பற்றவைப்பைப் போட்டு, தடித்த தோல் கையுறையோடு தட்டினால் ஒரு முறை ‘டப்’ என்று இருமும். சோக்கைத் திறந்து மறுபடி தட்டினால் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் புரொப்பெல்லரின் தளத்தைவிட்டுப் பின்னால் வந்துவிடுங்கள். கார்ப்புரேட்டரின் கலவை ஊசியைத் திருகுவதெல்லாம் பின்னால் நின்றுதான். பற்றவைப்பை ரேடியோ வழியே அணைக்கும் சுவிட்ச் ஒன்று கட்டாயம். எஞ்சின் ஓடும்போதும் ஓடாதபோதும் ரேடியோ எட்டும் தூரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிளக் கம்பியின் உறை சரியில்லை.

முழு வேகக் கலவையைக் கட்டுப்படுத்தும் எச் ஊசியை மூடிக்கொண்டே வந்தால் வேகம் ஏறி ஓர் உச்சிக்குப் போகும். அங்கேயே விட ஆசை வரும். அதிலிருந்து இருநூறு ஆர்பிஎம் இறங்கும் வரை ஊசியைத் திறந்து வையுங்கள்; மூக்கைத் தூக்கி ஏறும்போது அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் பிஸ்டனைக் காக்கும். இரண்டு மூன்று டேங்க் ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் கலவை அதிகம். வெளுத்துப் போயிருந்தால் உடனே ஊசியை இன்னும் கால் சுற்றுத் திறந்துவிட்டு, கிராங்க் சீலையும் ஒரு தடவை சோதித்து, மறுபடி ஓட்டுங்கள். இறக்கை, வால் பேச்சை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

(தொடரும்)